ரேடியம் வெட்டித் தரப்படும்

திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு.
பஞ்சர் கடைக்கும் கிரீஸ் கடைக்கும் நடுவே
பத்துக்குப் பன்னிரண்டு.
பலகையில் இருப்பது:
இங்கு ரேடியம் வெட்டித் தரப்படும்.
பதினோரு வருசமாக வெட்டுகிறேன்.
ஒரு குன்றிமணி ரேடியம்கூட
இந்தப் படியேறி வந்ததில்லை.

சொன்னவர் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்காரர்.
கதிர் வைக்கிற அறைக் கதவுக்கு
மஞ்சளில் ஒரு சின்னம் வேண்டுமென்று வந்தார்.
நடுவில் புள்ளி, சுற்றிலும் மூன்று அகலத் தகடு.
ஃபேன் ரெக்கைங்களா என்றேன்.
சிரிக்கவில்லை.

மெஷின் வெட்டி முடிக்கும்வரை
ஸ்டூலில் உட்கார்ந்து பேசினார்.
ரேடியம் ஓர் உலோகம்.
புதுசில் வெள்ளை, காற்றுப் பட்டால் கறுக்கும்.
வண்டி வண்டியாய்க் கல்லை அரைத்தால்
ஒரு சிட்டிகைகூடத் தேறாது.
கதிர் என்பதுதான் அதன் பேருக்கே அர்த்தம்.

எங்களுக்குக் கதிர் என்றால்
சோளக்காட்டில் நிற்பது,
மில்லில் சுழல்வது.
இது மூன்றாவது.

அதை ஊசிக்குள் அடைத்துப் புற்றுக்கட்டியில் செருகினார்களாம்.
தெம்பு வருமென்று தண்ணீரில் கலந்து விற்றார்களாம்,
குடித்தவன் தாடை உதிர்ந்ததாம்.
இருட்டில் மினுங்கக் கடிகார எண்களில் பூசினார்கள்.
பூசிய பெண்கள்
தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவார்களாம்.

நான் எச்சில் தொட்டுத்தான்
ஸ்டிக்கரின் பின்தாளைப் பிரிப்பேன்.
அன்று விரலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன்.
மறுநாள் மறந்துபோனது.

ஆயிரத்து அறுநூறு வருசம் போனால் பாதியாகும்.
இன்னும் அத்தனை போனால் பாதியில் பாதி.
தீரவே தீராதுங்களா?
லேசுல தீராது.
ரிக் வண்டிக்கு பைனான்ஸ் வாங்கினவன் கணக்குங்க என்றேன்.
அதற்குச் சிரித்தார்.
அந்தக் கடிகாரங்கள் இன்னும் எங்காவது கிடக்குமாம்,
மினுக்கம் செத்து வெகுகாலம்,
உள்ளே அது அப்படியே.

இப்ப ரேடியம் வைக்கறதில்லை, இரிடியம்தான்.
கலசத்துல இருக்குதுன்னு ஏமாத்துவாங்களே, அதுங்களா?
அதே பேர். இது நிசம். அரிசிமணி அளவு.
சின்னம் இரண்டு, நானூறு ரூபாய்.
பில் கேட்டு வாங்கிப் போனார்.

ஐப்பசியில் ஒருநாள் பொழுதோட
அர்த்தநாரி அண்ணன் ரிக் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.
மலைமேல் பாதி உடம்பாய் நிற்கிற சாமியின் பேர்.
சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருந்தவர்
பாதியில் திரும்பியிருக்கிறார்.
பாவாயிக்குக் கரண்டு வெக்கறாங்க, அம்மிணி.
இருவத்தஞ்சு நாள்.
அப்பறம் உள்ளுக்கு ஒண்ணு வெப்பாங்களாம்.

ரேடியம் இல்லாததை ரேடியம் என்கிறோம்.
ரேடியத்தின் பங்காளியைக் கரண்டு என்கிறோம்.
அதனதன் பேரில் கூப்பிட
பயமோ என்னவோ.

அந்தக் கதவுல மஞ்சச் சின்னம் உன்ற வெட்டுத்தானே?
எப்படித் தெரியுமுங்?
மூலையில மயிரளவு கத்தி தாண்டியிருக்குது.
என்ற வண்டி எழுத்துலயும் அப்படித்தான்.
மூணு நாளா அதையே பாத்துட்டு
வெளிய உக்காந்திருக்கறேன்.

என்ன வெட்டறதுங்ண்ணா?
பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார்.
ஆறு வருசத்துக்கு முன் ஒட்டியது, பாவாயி என்று.
வெயிலிலும் செம்மண்ணிலும் நடுவெழுத்து உரிந்து
பா      யி.

சிவப்பு ரோல். ஒற்றை எழுத்து. கையாலேயே வெட்டினேன்.
மூலையில் நிதானித்தேன்,
அப்படியும் கத்தி தாண்டிவிட்டது.
சோப்புத் தண்ணீர் தெளித்து
அட்டையால் காற்றை ஓட்டி ஒட்டினேன்.
காசு வேண்டாமென்றேன்.
கல்லாமேல் வைத்துவிட்டு ஏறினார்.

இந்தத் தாள் தானாக எரியாது.
யார் விளக்காவது மேலே விழ வேண்டும்.
வண்டி ரோட்டுக்கு ஏறித் திரும்பும்போது
பின்னால் வந்த ஈரோட்டு பஸ்
லைட்டைத் தூக்கிப் போட்டது.
பழைய எழுத்துகள் மங்கிக் கிடக்க
புதுசு மட்டும்
அவ்வளவு தூரத்துக்குத் தெரிந்தது:
வா.